பால் வண்டியும் ஆடிக்காற்றும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால், ஆடி மாதக் காற்று அதன் வழியாகப் புகுந்து பொள்ளாச்சியைக் கடந்து உடுமலைக்கு நேராக ஓடுகிறது. அந்தப் பக்கம் காற்றாலை நட்டவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் நட்டார்கள். என்னை அதே சாலையில் சைக்கிள் பயிற்சிக்கு அனுப்பிய பயிற்சியாளரும் இதைத் தெரிந்துகொண்டுதான் அனுப்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். கோமங்கலம்புதூரைத் தாண்டித் திரும்பினால், தள்ளியதற்கெல்லாம் வட்டி போட்டு வாங்கிக்கொள்ளும்.

மச்சினன் கல்யாணத்தில் தொடங்கிய என் ஓய்வு, அடுத்து வந்த மாரியம்மன் நோம்பி, பங்காளி வீட்டுக் கிடாவிருந்து, மாமியார் வீட்டு ஒப்புட்டு என்று ஒன்றின் கையைப் பிடித்து ஒன்றாக நீண்டுபோனது. பயிற்சியை விட்ட சில நாட்களிலேயே இரத்தத்தில் உள்ள பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும் இரத்தம் குறைந்து, பழைய வேகத்துக்கே நாடி கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. உடம்பில் சேர்வது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரியும், போவது தெரியாது. என் கைக்கடிகாரத்துக்குத் தெரிந்தது. வீட்டு மாடிப்படி ஏறியதற்கே அது எச்சரிக்கை ஒலி எழுப்பியது.

1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவற்றை இடைவிடாமல் முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டிக்கு இந்த நிலையில் தயாராக வேண்டும். நீச்சலுக்குப் பெரியப்பா தோட்டத்துக் கிணறு இருக்கிறது. பாறையை வெட்டி இறக்கிய அந்தக் கிணற்றில் கைவீச்சு பிடிபடுவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும் என்பதால், மோட்டார்க் குழாயைச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தேன். வெகுநேரம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கடைசியில், "என்னத்த கண்ணு தொலைச்சுப் போட்ட உள்ள?" என்று கேட்டார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதற்கும் மேல். காலையில் கோமங்கலம்புதூரிலிருந்து திரும்பி எதிர்க்காற்றில் மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, இருபுறமும் பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று என்னைத் தாண்டிப்போய், வேகம் குறைத்து, என் பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. தலையில் உருமால் கட்டிய பெரியவர், எழுபதைத் தாண்டியவர்.

"ஏனுங் தம்பி, செயின் கழண்டுக்கிச்சுங்களா?"

"இல்லீங்க, எதிர்க்காத்துங்க."

"அட, அதுக்கா இந்தப் பாடு? என்ற பின்னாலயே வா சாமி."

சொல்லிவிட்டு முன்னால் போய் நின்றார். எங்களைப் போன்ற சாதாரண வயதுப் பிரிவினர் ஓடும் போட்டிகளில், முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பது குற்றம். குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும். 2000இல் சிட்னியில் இந்த விளையாட்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோதே அங்கே ஓடுகிறவர்களுக்கு இது அனுமதிக்கப்பட்டுவிட்டது. எங்களுக்கு மட்டும்தான் இந்த ஆசாரம். சமதரையில் வேகம் ஏற ஏற, உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால், மறைவில் போகிறவனுக்குக் கால்பங்குக்கு மேலும் மிச்சமாகும். ஆகவே நான் ஆசாரப்படி வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்த பெரியவரும் குறைத்தார். இன்னும் குறைத்தேன், வண்டியை அநேகமாக நிறுத்தியே விட்டார். முந்திப் போக முயன்றேன்; ஆரன் அடித்து, "காத்துல போகாத, பின்னால வா" என்று அதட்டினார். அதற்குப் பிறகு எக்ஸ்எல்லின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கேன் மூடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் சற்றே தளர்ந்து, மேடுபள்ளம் வரும்போதெல்லாம் பால் துளிகள் சிதறி என் கண்ணாடியில் வந்து ஒட்டிக் காய்ந்தன. வேகம் 31.

வழியில் பார்த்த தெரிந்தவர்களிடமெல்லாம் அவர் என்னைப் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டே வந்தார். "பையனுக்கு ஒடம்பு முடியாம இருந்து இப்பத்தான் தேறி வர்றான், பாவம்" என்று கோலார்பட்டியில் ஒருவரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பிளாஸ்மாவைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பொள்ளாச்சிக்கு வெளியே மாமாவின் உரக்கடை முன்பு சைக்கிளை நிறுத்தி, ஷூவை மாற்றிக்கொண்டு, உடனே ஓட ஆரம்பித்தேன். சைக்கிள் விட்டு இறங்கிய கையோடு ஓடிப் பழகினால்தான் போட்டியன்று கால் மக்கர் பண்ணாது. திரும்பிப் பார்த்தால் எக்ஸ்எல் என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"வண்டிய நல்லா வெச்சுக்கிட்டு எதுக்கு சாமி ஓடற? எங்க போகோணும், ஏறிக்க."

நின்று போட்டியைப் பற்றிச் சொன்னேன். ஜெயித்தால் என்ன தருவார்கள் என்று கேட்டார். மெடல் என்றேன், ஜெயிக்காவிட்டாலும் முடித்தவர்களுக்கெல்லாம் உண்டு என்றேன். பணம் ஏதும் உண்டா என்றதற்கு, நாம்தான் கட்ட வேண்டும் என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

"உங்க சொசைட்டி எங்கீங்க?" என்றேன்.

"கோலார்பட்டிக்கு முன்னாலயே திரும்போணும். நீ அந்தக் காத்துல தனியா எப்புடி வருவே?"

"பால் என்னாகறதுங்க?"

"நல்லாக் கறந்த பாலு, ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது போ" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். திரும்பும்போது காற்று அவருக்கு முதுகில் இருந்திருக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

என் கடிகாரமோ அன்றைய சவாரியைத் தானாகவே பயிற்சியாளருக்கு அனுப்பிவிட்டது. எதிர்க்காற்றில் 31, நாடித்துடிப்பும் இறங்கியிருக்கிறது, பிளாஸ்மா திரும்பிவிட்டது என்று குழுவில் அறிவித்தார். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைகூப்பும் பொம்மை போட்டார். "அந்தப் பெரியவரையே போட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்பது வீட்டு அம்மையாரின் யோசனை.

புதிய அட்டவணை நேற்றிரவு வந்தது. வரும் ஞாயிறும் அதே சாலை, அதே தூரம், வேகம் 32. பெட்ரோல் செலவு யாருடையது என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.