பவளப்பாறைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

ஒரு மீன் என்ன தின்கிறது என்று தெரிய வேண்டுமானால் வயிற்றை அறுத்துப் பார்த்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் பவளப்பாறையில் பிடித்த களவா மீனின் வயிறு பல நேரம் காலியாகவே இருக்கும், இருந்தாலும் அடையாளம் தெரியாத கூழாக இருக்கும், அதுவும் கடைசியாக விழுங்கியதை மட்டும்தான் காட்டும். கிளிமீன் இன்னும் சிக்கல். பாறையைக் கொறித்து, சுண்ணாம்பு, பாசி, பாக்டீரியா எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து விழுங்குகிறது. அதில் எது உடம்பில் ஒட்டியது, எது வெறும் மணலாக வெளியே போனது என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லவே முடியாது. தின்றது வேறு, செரித்துச் சதையானது வேறு. இந்த இரண்டாவதைத் தெரிந்துகொள்ளத்தான் நிலையான ஐசோடோப்புகளிடம், அதாவது ஒரே தனிமத்தின் எடை மட்டும் வேறான, சிதையாத அணுக்களிடம் போகிறோம்.

கார்பன் அணுக்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 99 கார்பன் 12, மிச்சம்தான் கார்பன் 13. நைட்ரஜனில் 15 இன்னும் அரிது, 0.37 விழுக்காடு. இவற்றுக்குக் கதிரியக்கம் கிடையாது, சிதைவதும் இல்லை, எடை மட்டும் ஒரு துளி கூடுதல். அந்த ஒரு துளி போதும். விலங்கு புரதத்தை உடைத்துக் கழிவாக வெளியேற்றும்போது லேசான நைட்ரஜன் 14 கொஞ்சம் அதிகமாக வெளியேறிவிடுகிறது, 15 உடம்பில் தங்குகிறது. அதனால் தின்ற உயிரின் உடம்பில், இரையின் உடம்பில் இருந்ததைவிட 15இன் விகிதம் ஆயிரத்துக்கு 3 முதல் 4 வரை கூடிவிடும். பொதுவாக 3.4 என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். பாசி, பாசியைத் தின்னும் மீன், அதைத் தின்னும் மீன் என்று ஒவ்வொரு படியிலும் இந்த எண் ஏறும்.

கார்பன் அப்படி ஏறுவதில்லை, ஒரு படிக்கு 1 கூடினாலே அதிகம். அதனால்தான் அது வேறு வேலைக்கு உதவுகிறது: சாப்பாடு எங்கே உண்டானது என்று சொல்லும். திறந்த கடலில் மிதக்கும் பாசிக்கு வெப்பமண்டலத்தில் கார்பன் அளவு, அதாவது ஓர் ஒப்பீட்டு அளவுகோலைவிட 13இன் விகிதம் ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, குறைய என்பது, மைனஸ் 20, 22 பக்கம் இருக்கும். பாறையில் ஒட்டி வளரும் பாசிக்கு மைனஸ் 10க்கும் 18க்கும் நடுவில். காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது: பாறையில் ஒட்டிய பாசியைச் சுற்றி நகராத நீர் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது, அதற்குள் கார்பன் மெதுவாகத்தான் வந்து சேரும், அதனால் பாசிக்கு லேசானதைப் பொறுக்கி எடுக்கும் வசதி இல்லை, கிடைத்த 13ஐயும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. மிதக்கும் நுண்பாசிக்கு அந்த நெருக்கடி குறைவு. (எல்லா எண்ணும் ஏன் மைனஸ் என்று கேட்டால், கார்பனுக்கு ஒப்பீட்டு அளவுகோலே ஒரு பழைய கடலுயிரின் புதைபடிமச் சுண்ணாம்புதான், அதில் 13 அதிகம்.)

செய்முறை எளிமைதான், ஆனால் பொறுமை வேண்டும். மீனின் முதுகுப் பக்கத்து வெள்ளைச் சதையில் சிறு துண்டு எடுத்து, சுமார் 60 டிகிரியில் ஈரம் போகக் காயவைத்து, உரலில் மாவாக அரைக்க வேண்டும். அப்புறம் அந்த மாவில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக நிறுத்து, தகரத்தில் செய்த குட்டிக் கிண்ணத்தில் போட்டு, இரண்டு இடுக்கிகளால் மடித்து மடித்து மிளகைவிடச் சின்ன உருண்டையாக்க வேண்டும். மடிக்கும்போது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தாலும் மாவு சிந்தும், எடை பொய்யாகும். அந்த உருண்டை உலையில் எரிந்து, வரும் வாயுவை, எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளக்கிறது. சுண்ணாம்பு கலந்த மாதிரி என்றால் முதலில் அமிலத்தில் கழுவ வேண்டும், கொழுப்பு அதிகம் என்றால் கொழுப்பை நீக்க வேண்டும், ஏனென்றால் கொழுப்பில் கார்பன் 13 இயல்பாகவே குறைவு. எந்தத் திசுவை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். சதை பல மாதக் கணக்கைச் சொல்லும், ஈரலும் ரத்தமும் அதைவிடச் சமீபத்துக் கணக்கைச் சொல்லும்.

சரி, எண் கையில் வந்துவிட்டது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒரு மீனுக்கு நைட்ரஜன் அளவு 12 என்று வந்தால் அது பெரிய வேட்டைமீன் என்று உடனே எழுதிவிட முடியாது, அது வாழும் இடத்துப் பாசியின் அளவு தெரியாமல் அந்த 12க்கு அர்த்தமே இல்லை. காற்றிலிருந்து நேரடியாக நைட்ரஜன் பிடிக்கும் நீலப்பச்சைப் பாசிகள் நிறைந்த இடத்தில் அடி எண், அதாவது பாசியின் எண், பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். சாக்கடை நீர் கலக்கும் கரையோரத்தில் அடியே உயர்ந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே மீன் ஒரே சாப்பாட்டைத் தின்றாலும் எண் வேறு. அடி எண்ணைச் சரியாக அளக்காத ஆய்வுகளை நான் நம்புவதில்லை, மீன் மாதிரி எத்தனை எடுத்திருந்தாலும் சரி.

அடி சரியாக இருந்தால் வரும் முடிவுகள் பழைய நம்பிக்கைகளை அசைக்கின்றன. பாறைச் சுறாக்கள்தான் உச்சியில் இருப்பவை என்று நினைத்திருந்தோம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வில் அவை பெரிய களவாக்களோடு ஏறக்குறைய ஒரே படியில் நின்றன.

அடி எண் பிரச்சினைக்கு ஒரு நல்ல தீர்வு, சதையை மொத்தமாக எரிக்காமல், புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களாகப் பிரித்து அளப்பது. ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தில் நைட்ரஜன் 15இன் எண் ஒரு படி ஏறினாலும் அரை கூட மாறாது, குளூட்டமிக் அமிலத்தில் 8 பக்கம் தாவும். ஒன்று அடியைச் சொல்கிறது, மற்றது படியைச் சொல்கிறது, இரண்டும் அதே சதைத் துண்டிலிருந்து! கார்பன் பக்கம் இன்னும் அழகு. சில அமினோ அமிலங்களை விலங்குகளால் உடம்பில் செய்துகொள்ளவே முடியாது, பாசியோ பாக்டீரியாவோ செய்ததைத்தான் தின்று பெற வேண்டும். ஒவ்வொன்றும் செய்யும் வழி வேறு என்பதால் கார்பன் 13இன் அமைப்பும் வேறு, அது மேல்படி வரை அதிகம் மாறாமல் போகிறது.

இந்த முறையில் மாலத்தீவின் வடக்கு மாலே பவளத்தீவில் 4 வகைக் களவாக்களைப் பார்த்தார்கள், 2021இல் வெளிவந்தது. வெளிவிளிம்பில் இருப்பவை திறந்த கடலை நம்புவதில் வியப்பில்லை. உள்ளே கடற்கழியில் வாழும் களவாவின் உடம்பிலும் பெரும்பங்கு கார்பன் வெளிக்கடலின் மிதவை உயிரிகளிடமிருந்து வந்திருந்தது. ஊட்டச்சத்து குறைந்த நீரில், தனக்குள்ளேயே எல்லாவற்றையும் சுழற்றிக்கொண்டு பவளப்பாறை தன் காலில் தானே நிற்கிறது என்ற சித்திரம் இனிமேல் முழுதாக நிற்காது என்றே நினைக்கிறேன்.

கடலிலிருந்து மட்டுமல்ல, வானத்திலிருந்தும் வருகிறது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலி நுழைந்த தீவுகளையும் நுழையாத தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. எலிகள் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. எலியில்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம், அவற்றால் மண்ணில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு அதிகம். தொலைவில் மீன் பிடித்துத் தின்ற பறவையின் எச்சம் என்பதால் அந்த நைட்ரஜனில் 15 அதிகம். அதே உயர்ந்த எண் தீவின் மண்ணில், செடியில், பக்கத்துப் பாறையின் பாசியில், கடற்பஞ்சில், பாசி மேயும் டேம்செல் மீனின் சதையில் என்று தொடர்ந்து வருகிறது. மேலே சொன்ன அடி எண் இங்கே தொல்லை தரவில்லை, அதுவே சாட்சி. டேம்செல் மீன்கள் அங்கே வேகமாக வளர்ந்தன, பாறையின் மொத்த மீன் எடை 48 விழுக்காடு கூடுதல். பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்பவர்கள் தீவில் எலி ஒழிப்பதற்குப் பணம் கேட்டால் யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

பவளமே என்ன தின்கிறது என்பதுதான் எனக்கு இப்போது பெரிய கேள்வி. உள்ளே குடியிருக்கும் பாசி தரும் சர்க்கரை பாதி, கொடுக்குகளால் பிடிக்கும் மிதவை உயிரிகள் பாதி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது, இனத்துக்கு இனம், ஆழத்துக்கு ஆழம் மாறும். பவளத்தின் திசுவையும் அதன் பாசியையும் தனித்தனியாகப் பிரித்துக் கார்பனை அளந்தால், இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட வெளியிலிருந்து தின்பது அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஹவாயில், சூடு தாங்காமல் உள்ளிருந்த பாசியை இழந்து வெளுத்துப்போன பவளங்களுக்கு எவ்வளவு இரை சிக்குகிறது என்று எண்ணிப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. மாண்டிபோரா கேப்பிடேட்டா என்ற இனம் பாசியை இழந்ததும் இரை பிடிப்பதைக் கூட்டி, தன் அன்றாடத் தேவையை அதிலேயே சமாளித்தது. கூடவே வெளுத்த போரைட்டீஸ் இனங்களால் அப்படிக் கூட்ட முடியவில்லை. அடுத்த வெப்ப அலைக்கு முன்னால், எந்த இனம் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு பாறையிலும் அளந்து வைக்க வேண்டும், மாதிரி எடுக்கப் பவளம் உயிரோடு இருக்கும்போதே.