கீழ்த்தோட்டத்து விளக்கு

டிசம்பர் 19

கதையை மறுபடி கையில் எடுத்தேன். கிரகத்துக்கு இன்னும் பெயர் அமையவில்லை. ஒரு செங்குள்ள விண்மீனை, அதாவது நம் சூரியனைவிடச் சின்னதும் மங்கலுமான சிவப்பு விண்மீனை, ரொம்ப நெருக்கத்தில் சுற்றுகிறது. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, இதுவும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். ஒரு பாதி ஓயாத பகல், மறுபாதி ஓயாத இரவு. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்திப் பட்டையில்தான் மக்கள். அவர்களுக்குச் சூரியன் எப்போதும் அடிவானத்தில், மூடுபனிக்குள், அடுப்புத் தணல் மாதிரி. மேலே கப்பலில் வந்திருப்பவர்கள் அறிவில் பல படி முன்னே போனவர்கள். பார்க்கலாம், பேசக்கூடாது என்பது அவர்கள் சட்டம்.

இந்தச் சட்டம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். இங்கே ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் எங்கள் கேரட் தோட்டத்தில் நின்றால் ரேடியோ தொலைநோக்கி தெரியும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்மீனை மணிக்கணக்கில் தொடரலாம். 1970-லிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டிசம்பர் 22

கப்பலிலிருந்து என்னதான் தெரியும்? 1990 டிசம்பரில் கலிலியோ விண்கலம், வியாழனுக்குப் போகிற வழியில் பூமியை ஒட்டிப் பறந்தது. வானியலாளர் கார்ல் சேகனின் குழு அதன் கருவிகளை நம் பக்கமே திருப்பி, இங்கே உயிர் இருப்பது தெரிகிறதா என்று பார்த்தது. காற்றில் ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்தே இருந்தன, செடிகொடி சிவப்பொளியை விழுங்குவது தெரிந்தது, ரேடியோ ஒலிபரப்பும் கிடைத்தது. ஆனால் படங்களில் மனிதர் கட்டியது என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் சிக்கவில்லை.

என் கப்பல்காரர்களுக்கு இதைவிட நல்ல கண்ணாடி கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த மூடுபனி!

டிசம்பர் 25

மூன்றாம் அத்தியாயம். விண்மீன் சீறப்போகிறது, திடீரென்று கதிர்களைக் கக்கப்போகிறது; செங்குள்ளன்களுக்கு அது வழக்கம். கப்பலில் தெரிந்துவிட்டது, கீழே தெரியாது. சொல்வதா, சட்டத்தைக் காப்பதா? ஆறு பக்கம் வாதம் எழுதியிருக்கிறேன், நன்றாகவே வந்திருக்கிறது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “ஆறு பக்கம் பேசுற நேரத்துல போய் சொல்லியிருக்கலாமே” என்றார்.

டிசம்பர் 28

காற்றே இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி. இப்படி இரவுகளில் குளிர்காற்று கனத்துச் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நாங்கள் மேட்டில் இருக்கிறோம், தப்பிப்போம். கீழ்த்தோட்டத்து அண்ணன் போட்டிருப்பது உருளைக்கிழங்கு. உறைபனி கொட்டினால் ஒரே இரவில் இலை கருகிவிடும்.

ஓடைத் தண்ணீர்த் தகராறில் அவரோடு பேசி இரண்டு வருஷமாகிறது. மணி இரண்டு. எழுத உட்கார்ந்தால் ஒரு வரி நகரவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

டிசம்பர் 29

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அண்ணே, பனி கொட்டும் போலிருக்கு...”

“தெரியும் தம்பி. சாயங்காலமே தெரியும். ஒரு மணியிலிருந்து ஸ்பிரிங்ளர் ஓடுது.” கொஞ்சம் பொறுத்து, “ஆமா, தினமும் ரெண்டு மணி வரைக்கும் உங்க ரூம்ல லைட் எரியுதே, என்ன பண்றீங்க?”

மூன்றாம் அத்தியாயம் போச்சு. காலையில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

அந்தி மக்களுக்குச் சூரியன் எந்நேரமும் மூடுபனிக்குள் மங்கலாகத்தானே இருக்கிறது! வெறுங்கண்ணாலேயே அதன் கரும்புள்ளிகளைப் பார்க்கலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்து சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறார்களே, அதுபோல இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையில் புள்ளி வைத்திருப்பார்கள். எந்தப் புள்ளி பெருத்தால் சீறும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். கப்பலில் வாதம் முடிவதற்குள் எல்லாரும் குகைக்குள் போய்விட்டார்கள்.

பாறையின் ஓரத்தில் தனியாக ஒரு புள்ளி. அது சூரியனில் இல்லாத புள்ளி. கப்பல் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறது.

சாயங்காலம் கீழ்த்தோட்டத்திலிருந்து ஒரு பை உருளைக்கிழங்கு வந்தது. அம்மா வாங்கி வைத்திருக்கிறார்.