தண்டுவட உறையில் ஒரு தடிப்பு: பெயர் தெரியும்வரை

மாடிப்படி ஏறும்போது முழங்கால் தானாக மடங்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனேன். இடுப்பு வலியும் இருந்ததால் இடுப்புப் பகுதிக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், வயதுக்குரிய தேய்மானம் என்று வந்த அறிக்கையை நம்பி ஆறு வாரம் பிசியோதெரபியில் கழித்தேன். அடுத்துப் பார்த்த நரம்பியல் மருத்துவர், ஊசி முனையால் காலிலிருந்து மேல்நோக்கிக் குத்திக்கொண்டே வந்து, தொப்புளுக்குச் சற்று மேலேதான் எனக்கு உறைக்கத் தொடங்குகிறது என்று கண்டார். கோளாறு நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கும்போது இடுப்பைப் படமெடுத்து என்ன பயன்?

சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு, படத்தில் கோளாறைத் துலக்கிக் காட்டும் கடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி, நெஞ்சுப் பகுதியை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஏழாவது முதல் ஒன்பதாவது நெஞ்சு முள்ளெலும்பு வரை தண்டுவட உறை தடித்து, தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. முதலில் கறுப்பாகத் தெரிந்த அந்தத் தடிப்பு, மருந்து ஏறியதும் பளிச்சென்று வெளுத்திருந்தது. காசநோய், லிம்ஃபோமா (நிணநீர் அணுக்களின் புற்று), மெனிஞ்சியோமா (உறையிலேயே வளரும் கட்டி), வேறிடத்திலிருந்து பரவிய புற்று, ஐஜிஜி4 நோய் (ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்தோடு தொடர்புடைய, திசுக்களைத் தடிக்கச் செய்யும் அழற்சி) என அறிக்கை ஐந்து சாத்தியங்களை அடுக்கியது.

நம் நாட்டில் முதுகுத்தண்டில் எது வந்தாலும் முதல் சந்தேகம் காசநோய்தான், அது நியாயமும்கூட. ஆனால் அது வழக்கமாக அரிக்கும் முள்ளெலும்பும் அவற்றுக்கிடையே உள்ள வட்டும் எனக்குச் சேதமின்றி இருந்தன. சோதனையாக ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னபோது நானும் ஆசைப்பட்டேன். காசநோயாக இருந்தால் அது பெருகும், லிம்ஃபோமாவாக இருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கித் திசுவில் அடையாளமே தெரியாமல் போகலாம் என்று விளக்கி, அறுவை மருத்துவர் மறுத்துவிட்டார்.

பின்புற எலும்பைத் திறந்து நெருக்கத்தைக் குறைத்து, திசுவும் எடுத்தார்கள். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் கிருமி தென்படவில்லை. முதல் திசு அறிக்கையோ 'நாட்பட்ட அழற்சி' என்பதோடு நின்றுவிட்டது. மெழுகில் பதித்த திசுக் கட்டியை வாங்கி வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பிச் சிறப்புச் சாயமேற்றிய பின்னரே, சுழல் சுழலாகப் படிந்த நாரிழைகளும் ஐஜிஜி4 சுரக்கும் பிளாஸ்மா அணுக்களின் மிகுதியும் தெரிந்தன; ஐஜிஜி4 நோய் என்று பெயர் கிடைத்தது. இரத்தத்தில் ஐஜிஜி4 அளவு இயல்பாகவே இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் இந்த நோயை விலக்கியிருப்பார்கள்.

பிறகு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 40 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் குறைத்தார்கள். மூன்றாம் மாத ஸ்கேனில் தடிப்பு பாதியாகியிருந்தது. படியேறுகிறேன், இடது பாதம் மட்டும் இன்னும் பஞ்சை மிதிப்பதுபோலவே இருக்கிறது.