தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பாதீர்கள்

நாய் கனவு காணுமா என்று கேட்டால், காணும் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் மணி அசந்து தூங்கும்போது மூடிய இமைக்குள் கண் உருளும், மீசை துடிக்கும், கால்கள் படுத்தபடியே ஓடும். வாய் திறக்காமல் ஒரு குட்டிக் குரைப்பு வேறு!

விழிகள் வேகமாக அசையும், கனவுகள் அதிகம் வரும் இந்தத் தூக்கக் கட்டத்தை மனிதர்களிடம் 1953இல் கண்டறிந்தார்கள். நாய்களுக்கும் இது உண்டு. 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மேத்யூ வில்சன் என்ற விஞ்ஞானியின் குழு எலிகளை ஆராய்ந்தது. அவை வட்டப்பாதையில் ஓடியபோது மூளை செல்கள் எந்த வரிசையில் இயங்கினவோ அதே வரிசை, தூக்கத்திலும் திரும்ப ஓடியது. எலிக்கே அப்படி என்றால் மணி தெருமுனைப் பூனையைத் துரத்தாமலா இருப்பான்?

குட்டிகளிடம் இந்தத் துடிப்பு இன்னும் அதிகம். பயப்பட வேண்டாம். ஆனால் தொட்டு உலுக்காதீர்கள், திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். அவசியமென்றால் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று: உடல் முழுக்க விறைத்து, கூப்பிட்டாலும் எழாமல், எச்சில் வழிந்து, சிறுநீரும் போனால் அது வலிப்பாக இருக்கலாம். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.