24 மணி நேர நோட்டீசும் நெய்மாரின் 222 மில்லியனும்

ஆகஸ்ட் பிறந்து, கால்பந்து ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பேச்சு சூடுபிடித்தால், தோட்டத்துத் திடலுக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் இதே வாக்குவாதம்தான். “ரிலீஸ் கிளாஸ் இருக்குல்லண்ணே, காசக் கட்டித் தூக்கிட வேண்டியதுதானே?” “கிளப்பு விட்டாத்தானடா தம்பி!” ஆட்டக்காரர் கிளப்பை விட்டுப் போக இவ்வளவு தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதி வைப்பதுதான் ரிலீஸ் கிளாஸ். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். தம்பி பேசுவது ஸ்பெயினை, அண்ணன் பேசுவது இங்கிலாந்தை.

ஸ்பெயின் முறை நமக்குப் பழகியதுதான். நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தை முதலாளியிடம் கட்டிவிட்டு மறுநாளே வேலையிலிருந்து நின்றுகொள்ள, மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. ‘24 மணி நேர நோட்டீஸ்’ என்று தொழிற்சாலையில் சொல்வோமே, அதேதான். ஸ்பெயினில் 1985ஆம் ஆண்டின் 1006ஆம் எண் அரச ஆணை, 16ஆம் பிரிவில், ஆட்டக்காரருக்கும் விலகும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. விலைதான் வேறு. ஒப்பந்தத்தில் தொகை எழுதாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம் நிர்ணயிக்கும். எந்த கிளப் அந்த வம்புக்குப் போகும்? அதனால்தான் மெஸ்ஸிக்கு 700 மில்லியன் யூரோ, பென்சமாவுக்கு 100 கோடி யூரோ என்று எழுதி வைத்தார்கள். விற்கிற விலை இல்லை அது, வேலி.

பணத்தைக் கட்ட வேண்டியவர் ஆட்டக்காரர். புது கிளப் அவரிடம் கொடுக்கும், அவர் தரப்பு ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் அலுவலகத்தில் செலுத்தும், ஒப்பந்தம் முறியும். பழைய கிளப்பின் சம்மதம் தேவையில்லை. 2017 ஆகஸ்ட் 3 அன்று பார்சலோனா ஆட்டக்காரர் நெய்மாரின் வக்கீல்கள் 222 மில்லியன் யூரோவோடு லா லிகாவுக்குப் போனார்கள். வாங்க மறுத்துவிட்டார்கள். அன்றைக்கே பார்சலோனாவிடம் நேராகக் கட்டிக் கதையை முடித்தார்கள்.

சிக்கல் ரெண்டு. கை மாறும் பணத்தை ஆட்டக்காரரின் வருமானமாகக் கருதி வரி கேட்பார்களோ என்ற பயத்தில் பல கிளப்புகள் தயங்கின. 2016இல் வரித்துறை தந்த விளக்கத்துக்குப் பிறகுதான் அது தணிந்தது. இன்னொன்று, முழுத் தொகையையும் ஒரே தடவையில் வைக்க வேண்டும். தவணை வேண்டுமென்றால் பழைய கிளப்போடு பேசித்தான் ஆக வேண்டும். போர்ச்சுகலிலும் இதே கதை: 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸுக்கு கிளாஸ் 120 மில்லியன் யூரோ, செல்சீ 121 கொடுத்துத் தவணைக்குச் சம்மதம் வாங்கியது.

இங்கிலாந்தில் இப்படி ஒரு சட்டம் கிடையாது. அங்கே ரிலீஸ் கிளாஸ் என்பது ரெண்டு தரப்பு எழுதிக்கொண்ட வாக்கு, அவ்வளவுதான். இன்ன தொகை வந்தால் விற்பேன் என்று எழுதியிருக்கலாம்; பேச அனுமதிப்பேன் என்று மட்டும்கூட இருக்கலாம். 2013இல் லிவர்பூலின் சுவாரெஸுக்கு ஆர்சனல், கிளாஸில் இருந்த 40 மில்லியனுக்கு மேல் மொய் வைப்பதுபோல் ஒரு பவுண்ட் கூட்டி, 40,000,001 பவுண்ட் தருவதாகக் கேட்டது. லிவர்பூல் முடியாது என்றது. ஆர்சனல் வழக்குக்குப் போகவில்லை, சுவாரெஸ் அந்த சீசனும் அங்கேதான் ஆடினார்.

தொகையை மட்டும் பார்க்காமல் தேதியையும் பாருங்கள். சீசன் முடிவில் இலவசமாகப் போகலாம் என்று மெஸ்ஸிக்கு ஒரு கிளாஸ் இருந்தது. 2020இல் கோவிட்டால் சீசன் ஆகஸ்ட் வரை இழுத்தது; அவர் ஆகஸ்ட் கடைசியில் கடிதம் அனுப்பினார். கெடு ஜூன் 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்றது பார்சலோனா. 700 மில்லியன் இன்னும் செல்லும் என்றது லா லிகா. இன்னும் ஒரு சீசன் ஆடி, ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் கிளம்பினார்.