குஞ்சப்பனை பாறைத்தேனும் அவரைப் பந்தல் ஈயும்

மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறுற ரோட்டுல குஞ்சப்பனை வரும், போன மார்ச்ல ரெண்டு நாள் அங்க தங்கியிருந்தேன். போனது மலைத்தேனீ பார்க்கத்தான். தேன் எடுக்குற இருளர் பெரியவர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனார், பாறைக்கு ரொம்ப தூரத்துலயே நிறுத்தி "சென்ட் கிண்ட் போட்டிருக்கியா தம்பி"ன்னு கேட்டுட்டுதான் கையைக் காட்டினார்.

பைனாகுலர்ல பார்த்தா, பாறை அடியில வரிசையா கருகருன்னு தொங்குது, ஒவ்வொரு கூடும் ஒரே ஒரு அடைதான், அது மேல தேனீங்களே போர்வை மாதிரி மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. ஒரு பெரிய குளவி கிட்ட வந்துச்சு, அவ்ளோதான், வரிசையா ஒவ்வொண்ணா பின்பக்கத்தைத் தூக்கி இறக்க ஒரு அலை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு ஓடுச்சு, ஒரு செகண்ட்கூட ஆகல, குளவி திரும்பிப் போயிருச்சு. இந்தத் தேனீங்க பெருமழைக்கு முன்னாடி கிளம்பிப் போயிரும், அடுத்த வருஷம் இதே பாறைக்கு வரும்னார் பெரியவர். வேலைக்காரத் தேனீக்கு ஆயுசே சில வாரம்தான், அப்புறம் யார் வழி காட்டுறாங்கன்னு ராத்திரி முழுக்க அதே யோசனை.

மறுநாள் எங்கயும் போகல. தங்கின வீட்டு அக்கா பின்னாடி அவரைப் பந்தல் போட்டிருந்தாங்க, கொழுந்தெல்லாம் அசுவினி (செடிச் சாறை உறிஞ்சுற குட்டிப் பூச்சி) அப்பியிருந்துச்சு. அங்க மஞ்சள் கருப்பு பட்டையோட ஒண்ணு காத்துல ஆணி அடிச்ச மாதிரி அப்படியே நிக்குது. "தேனீ, கொட்டிரும்"னாங்க அக்கா. உத்துப் பார்த்தா ரெண்டே றெக்கை (தேனீக்கு நாலு), கண்ணு முகம் பூரா, மீசை துளியூண்டு. இது ஹோவர்ஃப்ளை, வெறும் ஈ, கொடுக்கே கிடையாது, பறவைங்க பயப்படணும்னுதான் இந்த வேஷம். இது அசுவினி இருக்குற இடமாப் பார்த்துதான் முட்டை வைக்கும், கால் இல்லாத அந்தப் புழு ஒவ்வொரு அசுவினியா தூக்கிப் பிடிச்சு உறிஞ்சிட்டு சக்கையைப் போட்டுரும், ஒரு புழு வளர்றதுக்குள்ள நூத்துக்கணக்குல காலி. இலையில ஒண்ணைக் காட்டினேன், அக்கா ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்துட்டு "இதையா நான் நசுக்கிட்டு இருந்தேன்"னாங்க. நானும் சின்ன வயசுல பேப்பரைச் சுருட்டி எத்தனை அடிச்சிருக்கேன், இப்ப நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

பக்கத்துலயே கத்தரிப்பூ. கத்தரி மகரந்தப்பை நுனியில சின்ன ஓட்டைதான் இருக்கும், சாதா தேனீயால எடுக்க முடியாது. வயித்துல நீலப்பட்டை போட்ட தேனீ ஒண்ணு வந்து பூவைக் கட்டிப்பிடிச்சு "ஸ்ஸ்ர்ர்"னு அதிர வச்சுச்சு, உப்பு டப்பாவைக் குலுக்கின மாதிரி மகரந்தம் கொட்டுது. இதுக்குக் கூட்டமும் இல்ல ராணியும் இல்ல, பொண்ணு தனியா மண்ணுல வளை தோண்டி முட்டை வைக்கும், ஆம்பளைக்கு வீடே கிடையாது. சாயங்காலம் காஞ்ச குச்சி ஒண்ணுல ஏழெட்டு ஆண் தேனீ தாடையால குச்சியைக் கடிச்சுக்கிட்டு தூங்குது, டார்ச் அடிக்க மனசு வரல.

காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்புறப்ப போய்ப் பார்த்தேன், இன்னும் அதே குச்சியில. வெயில் பட்டதும் ஒண்ணு காலை உதறிட்டுப் பறந்துச்சு, மத்தது தூங்கிட்டு இருந்துச்சு. "இந்தக் குச்சியை யாரும் பிடுங்காமப் பார்த்துக்கிறேன், நீ போயிட்டு வா"ன்னாங்க அக்கா.