நாத்தம் வரலையே தம்பி

மெத்தைக்கு ஃபோம் போடுகிற இடத்தில் வேலை பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். புதுச்சேரி சேதராப்பட்டில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது மிக்சிங் பார்த்த அண்ணன் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டார், "நாத்தமே வரலையே தம்பி, எதுக்கு இது?" நான், "சரிண்ணே, நாத்தம் வந்தா போட்டுக்கங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

தீபாவளி மெத்தை ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பாலியால் என்கிற அடிப்படைத் திரவத்தில் தண்ணீர், வினையை வேகப்படுத்துகிற அமைன், வெள்ளீயச் சேர்மம், நுரையைத் தாங்குகிற சிலிக்கான் எல்லாம் கலந்து, கடைசியாக டிடிஐ என்கிற ஐசோசயனேட் ரசாயனத்தை ஊற்றி, சில விநாடி சுற்றிப் பெட்டியில் கொட்டினால், இட்லி மாவு ராத்திரி முழுக்கப் பொங்குகிற பொங்கலை அது இரண்டே நிமிஷத்தில் பொங்கிவிடும். தண்ணீரும் டிடிஐயும் சேர்ந்து கிளப்புகிற கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். 100 கிலோ பாலியாலுக்கு 4 கிலோ தண்ணீர், டிடிஐ 50 கிலோ பக்கம். தண்ணீர் கூடினால் ஃபோம் லேசாகும், சூடும் ஏறும். பிளாக்கின் நடுவில் 150 டிகிரியைத் தாண்டும் என்பதால் ராத்திரி ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி வைப்போம். தீ விஷயத்தில் நான் ஒரு நாளும் அலட்சியமாக இருந்ததில்லை. (இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது எனக்கே புரிகிறது.)

டிடிஐ ஆவி காற்றில் இருக்கச் சட்டம் அனுமதிக்கிற அளவு 0.005 பிபிஎம், அதாவது இருபது கோடியில் ஒரு பங்கு. மூக்குக்குத் தெரியும்போது காற்றில் அது பல மடங்கு தாண்டியிருக்கும். டிரம்மோடு வந்த தாளில் இதெல்லாம் இருந்தது, நான் படித்திருந்தேன். படித்திருந்தேனா, இல்லை பிறகு படித்ததை அன்றே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேனா, இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்னொன்று, நாங்கள் கொடுத்தது வெறும் துணி மாஸ்க், அது ஆவியைத் தடுக்காது. அவர் போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த மாஸ்க்கை வாங்க இண்டென்ட் போட்டவனே நான்தான்.

ராத்திரியில் இருமல், ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும், திங்கள் சாயந்தரம் மறுபடி. "மழை ஒத்துக்கல தம்பி" என்றார், நானும் ஒத்துக்கொண்டேன். வீசிங் என்று டாக்டர் சொன்ன பிறகு கட்டிங்குக்கு மாற்றினேன். ஒரே கொட்டகைதான், ஒரு முறை உடம்புக்கு ஆகாமல் போனால் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். பொங்கலுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

போன வருஷம் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். சட்டைப் பையில் இன்ஹேலர். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "பசங்க இப்ப மாஸ்க் போடுறாங்களா தம்பி?" என்றார். நான் அந்தக் கம்பெனியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"போடுறாங்கண்ணே" என்றேன்.